மினரல் மூட்டை வாங்கும் முன் மீனை எண்ணுங்கள்

பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம். ஆறு பக்கம். ஊர் பெயர், ஆள் பெயர் இல்லாமல் சுருக்கிச் சொல்கிறேன்.

2018 நவம்பர் கஜா புயலில் இவருடைய தென்னந்தோப்பு படுத்துவிட்டது. மறுபடி கன்று வைத்து வருஷக்கணக்கில் காத்திருக்கத் தெம்பில்லாமல், கொஞ்ச காலம் தரிசாகக் கிடந்த அந்த இடத்தில் ஒரு ஏக்கருக்குக் குளம் வெட்டியிருக்கிறார். ஐந்தடி ஆழம், போர்வெல் தண்ணீர், காற்றூட்டி கிடையாது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் சேர்த்து 7,000 குஞ்சு விட்டார். தீவனம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி, ஓட்டை போட்ட சாக்கில் கட்டி மூங்கில் கழியில் தொங்கவிடுகிறார். எட்டு மாதம் ஆயிற்று. வீச்சுவலை போட்டுப் பார்த்தால் சராசரி 300 கிராம்தான். முக்கால் கிலோவுக்கு மேல் எதிர்பார்த்திருந்தார். பிடித்த 60 மீனில் ஐந்துக்குச் செவுள் மூடி குட்டையாகி உள்ளே சிவப்பு தெரிகிறது, இரண்டுக்கு முதுகு வளைந்திருக்கிறது, மூன்று ரோகுவுக்குக் கண் வெள்ளை. அறுத்தால் வயிற்றுக்குள் கொழுப்பு கட்டிக் கட்டியாக இருக்கிறது.

இதைப் பார்த்த பிறகு ஆளாளுக்கு வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள். எலும்பு வளைந்தால் கால்சியம் குறைச்சல் என்று ஒருவர் சொல்ல, மாதம் 200 கிலோ சுண்ணாம்பு போயிருக்கிறது. கடைக்காரர் சொன்னபடி பத்து நாளுக்கு ஒரு முறை 5 கிலோ மினரல் பொடி தண்ணீரில் தூவியிருக்கிறார். மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த தாது உப்புக் கலவையைத் தீவனத்திலும் சேர்த்திருக்கிறார். கடைசியில், பாசியும் போகும் செம்புச் சத்தும் சேரும் என்று யாரோ சொல்ல, 2 கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்). மூன்றாம் நாள் விடியற்காலை மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றதாம். இதுவரை மினரல் கணக்கில் மட்டும் 31,000 ரூபாய் போயிருக்கிறது. எந்த மினரல், எவ்வளவு போடுவது? பக்கத்துக் குளத்து ஜிலேபி மீன் (திலாப்பியா) மட்டும் ஏன் நன்றாக இருக்கிறது? கடைக்காரர் மேல் வழக்குப் போட முடியுமா? அப்புறம், கோணல் மீனைச் சமைக்கலாமா என்று அவருடைய அம்மா கேட்கச் சொன்னார்களாம்.

ஐயா, தண்ணீர் பரிசோதனைத் தாளையும் தீவனக் கணக்கு நோட்டின் படத்தையும் சேர்த்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. எனக்கு வரும் பத்துக் கடிதத்தில் ஒன்பதில் அது இருக்காது, "மீன் வளரல, என்ன மருந்து?" என்று ஒரு வரிதான் இருக்கும். உங்கள் நோட்டை வைத்துக்கொண்டு பேசலாம்.

முதலில் ஒரு பெருக்கல் கணக்கு

7,000 குஞ்சில் 80 சதவீதம் பிழைத்ததாக வைத்துக்கொள்வோம். 5,600 மீன். தலைக்கு 300 கிராம் என்றால் 1,680 கிலோ. அதாவது இந்த நிமிஷம் உங்கள் ஒரு ஏக்கரில் ஒன்றரை டன்னுக்கும் மேல் மீன் நிற்கிறது, ஹெக்டேர் கணக்கில் நாலு டன். காற்றூட்டி இல்லாமல், சாக்குத் தீவனத்தில், முதல் தடவை மீன் வளர்க்கிறவருக்கு இது மோசமான விளைச்சலே இல்லை. உங்கள் குளம் சுமக்க முடிந்ததை ஏறக்குறைய சுமந்துவிட்டது. இதே எடையை 3,000 மீன் பங்கு போட்டிருந்தால் ஒவ்வொன்றும் அரைக் கிலோவைத் தாண்டியிருக்கும். கெண்டை மீன் கூட்டு வளர்ப்புக்கு ஹெக்டேருக்கு 10,000 குஞ்சு என்று சொல்வது வழக்கம், ஏக்கருக்கு 4,000. நீங்கள் விட்டது அதைவிட முக்கால் பங்கு கூடுதல்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மீன் சிறுத்துப்போனதற்கு மினரல்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டு அப்புறம்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குளத்தில் தாதுக் குறைச்சலும் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அது இரண்டாவது பிரச்சினை, அதுவும் முதல் பிரச்சினையிலிருந்து பிறந்தது. மீன் கம்மியாக இருக்கும் பச்சைத் தண்ணீர்க் குளத்தில் தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பாசி, சிற்றுயிர்களைத் (மிதவை என்பது இவற்றைத்தான்) தின்றே மீன் தனக்கு வேண்டிய தாதுக்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். தவிடும் புண்ணாக்கும் வெறும் வயிறு நிரப்பத்தான். ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கம் தவிட்டுச் சாக்கைக் கட்டியே கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் குளத்துக்கு உரம் போட்டுத் தண்ணீரைப் பச்சையாக வைத்துக்கொள்கிறார்கள், ஓரளவு வளர்ந்த மீனை எண்ணிக்கை குறைத்து விடுகிறார்கள். உங்கள் குளத்தில் 5,600 வாய், மிதவை யாருக்கும் பத்தவில்லை. அப்போது தீவனத்தில் என்ன இல்லையோ அது மீனின் எலும்பில் தெரிய ஆரம்பிக்கும்.

எலும்புக்குச் சுண்ணாம்பு?

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற ஊர்க்காரர்கள் நாம், எலும்பு என்றதும் கை அங்கேதான் போகும். மாட்டுக்கும் கோழிக்கும் கால்சியம் தீவனத்தில்தான் வர வேண்டும். மீன் அப்படியில்லை. அது தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தைச் செவுள் வழியாகவே இழுத்துக்கொள்ளும்.

உங்கள் பரிசோதனைத் தாளில் கால்சியக் கடினத்தன்மை லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்று இருக்கிறது. அதில் நேரடிக் கால்சியம் 60 மில்லிகிராம். ஒரு ஏக்கர், ஐந்தடி என்றால் சுமார் 60 லட்சம் லிட்டர் தண்ணீர். பெருக்கிப் பாருங்கள், 360 கிலோ கால்சியம் ஏற்கெனவே உங்கள் குளத்தில் கரைந்து நிற்கிறது. மீனைச் சுற்றி மூட்டை மூட்டையாக இருக்கிற ஒன்றை மேலும் கொட்டியிருக்கிறீர்கள்.

கொட்டியது வீண் என்பதோடு போனால் பரவாயில்லை. உங்கள் தண்ணீரின் காரத்தன்மை 220, மதியம் பி.எச். 9.2 காட்டுகிறது. இந்தத் தண்ணீருக்குச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். பி.எச். ஏற ஏற, மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா அதிக நஞ்சாகும். அதைவிட முக்கியம், கரைந்திருக்கும் கொஞ்சநஞ்சப் பாஸ்பேட்டையும் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டுபோய்ச் சேற்றில் உட்காரவைத்துவிடும். எது மீனுக்குக் குறைகிறதோ அதையே சுண்ணாம்பு தூக்கிக்கொண்டு போகிறது. இன்றோடு நிறுத்திவிடுங்கள். மிச்சமிருக்கும் மூட்டைகளை உள்ளே வையுங்கள், அடுத்த போகத்துக்குக் குளத்தைக் காயவைக்கும்போது சேற்றின் பி.எச். பார்த்துத் தேவைப்பட்டால் போடலாம்.

எலும்புக்கு ஒரு கை கால்சியம் என்றால் மறு கை பாஸ்பரஸ். அது நல்ல தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழேதான் இருக்கும், செவுள் வழியாக எடுத்துக் கட்டுபடியாகாது. தீவனத்தில்தான் வந்தாக வேண்டும். கெண்டைத் தீவனத்தில் செரிக்கக்கூடிய பாஸ்பரஸ் 0.6 முதல் 0.7 சதவீதம் வேண்டும் என்பது சாதாக் கெண்டையை வைத்துச் செய்த சோதனைகளில் வந்த கணக்கு. அது குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே சோதனைகள் காட்டியிருக்கின்றன. வளர்ச்சி நிற்கும், தலை எலும்பு கோணும், விலா எலும்பு சரியாகக் கெட்டிப்படாது, உடம்பில் கொழுப்பு சேரும். வயிற்றில் கொழுப்புக் கட்டி என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்ததும்தான் எனக்குப் பாஸ்பரஸ் மேல் சந்தேகம் வந்தது.

வயிறு இல்லாத மீன்

"தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம் என்று படித்தேனே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். தவிட்டில் சுமார் 1.5 சதவீதம், கடலைப் புண்ணாக்கில் 0.6 சதவீதம். சரிபாதி கலந்தால் ஒரு சதவீதம் வருகிறது, தேவைக்கு மேலேயே. ஆனால் அதில் முக்கால்வாசி பைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. விதைகள் தங்கள் முளைக்கென்று சேர்த்து வைக்கும் சேமிப்பு அது, அதைத் திறக்கும் நொதி மீன் குடலில் இல்லை. பூட்டியது போக மீனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய கால் சதவீதம். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு, உடம்பில் எவ்வளவு ஏறுகிறது என்பது வேறு கணக்கு. மூட்டையின் மேல் அச்சடித்திருப்பதெல்லாம் முதல் கணக்குதான்.

இந்த இடத்தில் உங்கள் ஜிலேபிக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. அடுத்த முறை ஒரு ரோகுவையும் ஒரு ஜிலேபியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அறுத்துப் பாருங்கள். ஜிலேபியில் தொண்டைக்குக் கீழே சின்னப் பை மாதிரி ஒன்று இருக்கும், வயிறு. உள்ளே அமிலம் சுரக்கும். ரோகுவில் அந்தப் பை இருக்காது. தொண்டை முடிந்ததும் நேரே குடல், சுருட்டிச் சுருட்டி வைத்த நூல்கண்டு மாதிரி வந்துகொண்டே இருக்கும், உடம்பு நீளத்தைப்போலப் பல மடங்கு. கட்லா, மிர்கால், சாதாக் கெண்டை என்று அந்தக் குடும்பம் முழுக்க வயிறு கிடையாது. அமிலம் இல்லாத இடத்தில் எலும்புத் தூள் கரையாது. பக்கத்துக்காரர் போடுகிற கருவாட்டுத் தூளில் உள்ள எலும்பை ஜிலேபியின் வயிறு கரைத்து எடுத்துக்கொள்ளும். அதே கருவாட்டுத் தூளை உங்கள் ரோகுவுக்குப் போட்டால் புரதம் சேரும், எலும்பிலிருக்கும் பாஸ்பரஸில் பெரும்பங்கு பின்வழியே போய்விடும். (அவர் ஜிலேபி வளர்க்க அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லப்போவதில்லை.)

ஜப்பானில் ஓகினோ என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1979-இல் இதை அளந்தே காட்டினார்கள். மோனோ கால்சியம் பாஸ்பேட்டில் உள்ள பாஸ்பரஸில் கெண்டைக்கு 94 சதவீதம் உடம்பில் ஏறியது. நம் கடைகளில் டி.சி.பி. என்று விற்கும் டை கால்சியம் பாஸ்பேட்டில் 46. எலும்புத் தூள் வகையான டிரை கால்சியம் பாஸ்பேட்டில் வெறும் 13. வயிறு உள்ள டிரவுட் மீனுக்கோ அந்தக் கடைசி வகையே 64 சதவீதம் ஏறியது. மாட்டுத் தாது உப்பு உங்கள் மீனுக்கு ஏன் உதவவில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும். அதில் இருப்பது பெரும்பாலும் டி.சி.பி.யும் சுண்ணாம்புத் தூளும். விஷம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேண்டாத கால்சியத்தைத் தீவனத்தில் ஏற்றிவிட்டீர்கள், கால்சியமும் பைட்டேட்டும் கூட்டுச் சேர்ந்தால் ஜிங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கண் வெள்ளை, வளைந்த முதுகு, குட்டைச் செவுள்

இந்த மூன்றையும் ஒரே கூடையில் போட்டு மினரல் குறைச்சல் என்று சொல்லிவிட்டார்கள் உங்களிடம். அப்படிச் சொல்ல முடியாது.

கண் வெள்ளைக்கு ஜிங்க் குறைவு ஒரு காரணம்தான். சாதாக் கெண்டைக்குத் தீவனத்தில் கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் ஜிங்க் போதும் என்பது சுத்தமான சோதனைத் தீவனத்தில் வந்த அளவு, தவிடு மாதிரி பைட்டேட் நிறைந்த தீவனத்தில் அதைப்போலச் சில மடங்கு தேவைப்படும். குறைந்தால் கண் மங்கும், துடுப்பு ஓரம் அரித்துப்போகும், தோல் புண்ணாகும். ஆனால் நத்தையும் நீர்ப்பறவையும் உள்ள குளத்தில் கண்ணுக்குள் போய் உட்காரும் ஒட்டுண்ணிப் புழுவும் இதே வெள்ளையைக் காட்டும். உங்கள் கரையில் கொக்கும் நீர்க்காகமும் கூட்டமாக உட்காருவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெள்ளை விழுந்த கண்ணின் உள்ளே இருக்கும் லென்ஸை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் புழு இருந்தால் நெளியும். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலோ, நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி, மையம் எதிலாவதோ காட்டுங்கள். உயிரோடு கொண்டுபோக வேண்டும், ஐஸில் இரண்டு நாள் கிடந்த மீனில் எல்லாக் கண்ணும் வெள்ளைதான்.

முதுகு வளைவுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது வைட்டமின் சி. அது மினரலே இல்லை. தவிட்டிலும் புண்ணாக்கிலும் அது கிடையாது, மிதவையில் இருக்கும், மிதவைதான் உங்கள் குளத்தில் பங்கு பத்தவில்லையே. குட்டைச் செவுளுக்கு வைட்டமின் சி, பாஸ்பரஸ் இரண்டில் எதுவும் காரணமாகலாம், குஞ்சுப் பண்ணையில் சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்த குஞ்சாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க ஒரு வழி: அந்த ஐந்தும் ஒரே இனமா? நாலைந்தும் கட்லாவாக இருந்து, ரோகுவிலும் மிர்காலிலும் ஒன்றுகூட இல்லை என்றால் குஞ்சு மேல் சந்தேகம். எல்லா இனத்திலும் பரவலாக இருந்தால் தீவனம். வயல் பூச்சிமருந்து வடிந்து வந்தாலும் மின்னல் விழுந்தாலும்கூட முதுகு வளையும். குளத்து மேட்டில் நெல் வயல் இருக்கிறதா என்று எழுதவில்லை நீங்கள்.

மயில்துத்தத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் நகர மாட்டேன். கெண்டைக்குச் செம்பு தீவனக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் போதும், உங்கள் தவிடு புண்ணாக்கிலேயே அது இருக்கிறது. 2 கிலோ போட்டதில் மீன் நேரடியாகச் சாகாமல் தப்பியது உங்கள் தண்ணீர் கடினமான தண்ணீர் என்பதால். மழைத் தண்ணீர் மாதிரி மென்மையான தண்ணீராக இருந்தால் அதே 2 கிலோவில் செவுள் வெந்து மிதந்திருக்கும். மூன்றாம் நாள் வாயைப் பிளந்தது, பாசி மொத்தமாகச் செத்து அழுகி ஆக்சிஜனைக் குடித்ததால். இருந்த மிதவையையும் அன்றைக்கே கொன்றுவிட்டீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தண்ணீரில் தூவிய மினரல் எங்கே போனது

5 கிலோ பொடி, 60 லட்சம் லிட்டர் தண்ணீர். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம்கூட இல்லை. அந்தப் பொடியில் ஒரு சதவீதம் ஜிங்க் என்று பை மேல் போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் மொத்தம் 50 கிராம் ஜிங்க், அதுவும் பெரும்பாலும் சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். இதே 50 கிராமைத் தீவனத்தில் கலந்தால் முக்கால் டன்னுக்கும் மேல் தீவனத்துக்குப் போதும். உங்கள் குளத்தில் அது மூன்று வாரத் தீவனம்.

தண்ணீர் வழியாக எந்தத் தாதுவும் ஏறாது என்று நான் சொல்லவில்லை. 1910 வாக்கில் அமெரிக்காவில் பண்ணை டிரவுட் மீன்களுக்குத் தொண்டையில் கட்டி வந்து புற்றுநோய் என்று பயந்துகொண்டிருந்தபோது, டேவிட் மரைன், லென்ஹார்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் அது அயோடின் குறைவால் வந்த கழலைதான் என்று காட்டி, தண்ணீரில் அயோடின் சேர்த்தே குணப்படுத்தினார்கள். அயோடின் இம்மி அளவு போதும், அதனால் அது நடந்தது. பாஸ்பரஸ் அப்படி இல்லை. இரும்பு, மாங்கனீஸ், மக்னீசியம் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், உங்கள் தவிடும் போர்வெல் தண்ணீரும் பார்த்துக்கொள்ளும். செலினியம் சேர்த்த பொடி வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டீர்கள். வாங்காதீர்கள். கெளுத்தி வகை மீனுக்குக் கிலோ தீவனத்தில் கால் மில்லிகிராம் போதும், 15 மில்லிகிராமில் நஞ்சு. கைப்பிடி அளவில் கலக்கிற பொருளே இல்லை அது.

இனி என்ன செய்வது

முதல் வேலை மீனைக் குறைப்பது. 300 கிராமில் மார்க்கெட்டில் விலை அடிபடும், எனக்குத் தெரியும். ஆனால் நெருக்கத்தில் வளர்ச்சி நின்று கிடக்கிற இந்த அளவு மீனைத் தங்கள் குளத்தில் விட்டு வளர்க்க வாங்குகிறவர்கள் உண்டு, இடம் கிடைத்ததும் இது வேகமாக ஏறும். சுற்று வட்டாரத்தில் பெரிய குட்டை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். கோணல் இல்லாத மீனை மட்டும் கொடுங்கள், ஒட்டுண்ணிப் பரிசோதனை முடிந்த பிறகு. 2,500 முதல் 3,000 வரை குளத்தில் நிறுத்திக்கொண்டால் போதும். வலை இழுப்பது காலையில் வெயில் ஏறும் முன்பு, முந்தின நாள் தீவனத்தை நிறுத்திவிட்டு.

அடுத்தது தீவனம். 100 கிலோவுக்கு மோனோ கால்சியம் பாஸ்பேட் ஒன்றரைக் கிலோ. தீவனத் தரத்தில் கேளுங்கள், அதில் 22 சதவீதம் பாஸ்பரஸ் இருக்கும், மிச்சத்தை மிதவை ஈடுகட்டும். அது கிடைக்காமல் டி.சி.பி.தான் என்றால் மூன்றரைக் கிலோ தேவைப்படும், விலையை ஒப்பிடும்போது கிலோ விலையைப் பார்க்காமல் இந்த அளவைப் பார்த்து ஒப்பிடுங்கள். மாட்டுத் தாது உப்பை மாட்டுக்கே கொடுங்கள். ஜிங்க் சல்பேட் மோனோ வகை 100 கிலோவுக்கு 18 கிராம், அதுவும் தீவனத் தரம். உரக்கடை ஜிங்க் சல்பேட்டில் ஈயம், கேட்மியம் கலந்திருக்க வாய்ப்புண்டு, அதை மீன் வழியாக நாம் தின்ன வேண்டாம். வைட்டமின் சி சாதா மாத்திரையைப் பொடித்துப் போட்டால் ஈரத்திலும் சூட்டிலும் போய்விடும், பாஸ்பேட் வடிவில் நிலையாக இருக்கிற 35 சதவீத வகை வாங்கி 15 கிராம்.

18 கிராமை 100 கிலோவில் எப்படிக் கலப்பது? நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன மின்தராசு ஒன்று வாங்குங்கள். முதலில் ஒரு கிலோ தவிட்டில் கலந்து, அதைப் பத்துக் கிலோவில் கலந்து, அப்புறம் மொத்தத்தில். மோனோ கால்சியம் பாஸ்பேட் தண்ணீரில் கரையும், உலர் தூளாகச் சாக்கில் கட்டினால் மீன் வாய்க்குப் போகும் முன் குளத்துக்குப் போய்விடும், பாசிக்குத்தான் கொண்டாட்டம். மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சி, ஆறியதும் ஊற்றிப் பிசைந்து, கொழுக்கட்டைப் பதத்தில் உருண்டையாக்கித் தட்டில் வைத்து இறக்குங்கள். இரண்டு மணி நேரத்தில் தட்டு காலியாக வேண்டும், மிச்சம் இருந்தால் அளவைக் குறையுங்கள். தவிட்டை முந்தின இரவே ஊறவைத்துக் கொஞ்சம் புளிக்கவிட்டால் பைட்டேட் ஓரளவு உடையும். இதெல்லாம் முடியாது, ஆள் இல்லை என்றால், கடைசி இரண்டு மாதத்துக்குக் கம்பெனி விற்கும் மிதக்கும் தீவனத்துக்கு மாறலாம். அதில் தாதுக்களும் வைட்டமினும் சேர்த்தே வரும், மேலே எதையும் தூவக் கூடாது. செலவு கூடும். மீன் எண்ணிக்கையைக் குறைத்தால்தான் அது கட்டுபடியாகும்.

தண்ணீருக்கு: கையை முழங்கை வரை விட்டால் உள்ளங்கை மங்கித் தெரியும் அளவு பச்சை இருக்க வேண்டும். மயில்துத்தத்துக்குப் பிறகு தெளிந்துவிட்டது என்றால் சிறிதளவு சூப்பர் பாஸ்பேட் கரைத்து ஊற்றலாம், கடைசியாகச் சுண்ணாம்பு போட்ட நாளிலிருந்து இரண்டு வாரமாவது ஆன பிறகு. ஏற்கெனவே பச்சை அடர்த்தியாக இருந்தால் எதுவும் வேண்டாம்.

ஏற்கெனவே வளைந்த முதுகு நிமிராது, குட்டைச் செவுளும் வளராது. புதிதாக வருவது நிற்கும், மற்ற மீன் எடை ஏறும், அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

வழக்கு

நான் வக்கீல் இல்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சொந்தப் பிழைப்புக்காக வாங்கியவர் என்ற முறையில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்களும் நுகர்வோர்தான். மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். ஆனால் பை மேல் எழுதியிருந்த அளவு உள்ளே இல்லை என்று பரிசோதனையில் வந்தால்தான் உங்கள் கை ஓங்கும். எழுதியது எழுதியபடி இருந்து, உங்களுக்குத் தேவையில்லாததை விற்றார் என்பது மட்டும்தான் குறை என்றால் நிற்பது கஷ்டம். 31,000-இல் பில் உள்ளது எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை, அதிலிருந்தே ஊகித்துக்கொண்டேன். பிரிக்காத மூட்டைகள் நாலு இருப்பதாகச் சொன்னீர்கள், முதலில் அவற்றைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். இனி எதை வாங்கினாலும் பில்லும், என்ன எவ்வளவு இருக்கிறது என்று அச்சிட்ட பையும் இல்லாமல் வாங்காதீர்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், கோணல் மீனைத் தாராளமாகச் சமைக்கலாம். எலும்பு வளைந்ததால் கறி கெட்டுவிடாது. செம்பு கறியில் தங்காது, பெரும்பாலும் ஈரலில்தான் சேரும், ஈரலையும் குடலையும் எறிந்துவிட்டு மற்றதைக் குழம்பு வைக்கட்டும். ஒரே ஒரு உதவி: செவுள் குட்டையான மீன் ஒன்றையும் நல்ல மீன் ஒன்றையும் தனித்தனியாக வேகவைத்து, தலை எலும்பையும் விலா முள்ளையும் கழுவி நிழலில் காயவைக்கச் சொல்லுங்கள். விலா முள்ளை விரலில் வளைத்துப் பாருங்கள், நல்ல மீன் முள் பட்டென்று ஒடியும். மற்றது ரப்பர் மாதிரி வளைந்துகொடுத்தால் இரண்டையும் ஒரு வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.